கேட்டுக்கொண்டு நின்ற அக்கா: கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். திருமங்கலம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். போன மாதம் எங்கள் குலசாமி கோயிலில் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. கிடா வெட்டி, பந்தி முடிந்து, ஆம்பளைகள் எல்லாம் புளியமரத்தடியில் சாய்ந்துவிட்டார்கள். பெண்கள் நாங்கள் பாத்திரங்களை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தோம். யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியவில்லை, பேச்சு அந்தக் காலத்து 'மெட்டி ஒலி' சீரியலுக்குப் போய்விட்டது. வேன்காரர் ஹாரன் அடிக்கிற வரைக்கும் அதே பேச்சுதான்.

மாமியார் ராஜம் மருமகள் சரோஜாவைப் படுத்திய பாட்டை எங்கள் அத்தை நேற்று நடந்ததுபோலச் சொல்கிறார். மதினி இன்னும் சரோஜாவின் புருஷன் மாணிக்கத்தைத் திட்டுகிறார். 'அம்மி அம்மி அம்மி மிதிச்சு' பாட்டை ஆளுக்கொரு வரி பாடினோம். அம்மா மட்டும், "சரோஜா சரோஜான்னே பேசுறீங்க. அந்த வீட்டைத் தாங்குனவ மூத்தவ தனம்தான். அவளை ஒருத்தியும் சொல்ல மாட்டேங்கிறீங்களே" என்றார். சரி, தனமாக நடித்தவர் பெயர் என்ன என்று கேட்டால் ஒருத்திக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. வருடக்கணக்காக ராத்திரி ராத்திரி பார்த்த முகம். 2020-ல் ஊரடங்கு சமயத்தில் மறுபடி போட்டபோதும் விடாமல் பார்த்தோம். 2021-ல் அதில் விஜியாக நடித்த உமா இறந்துபோன செய்தி வந்தபோது அம்மா "விஜி போயிட்டாளே" என்றுதான் அழுதார்.

வீட்டுக்கு வந்து இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அழுகுறதுக்கு என்ன பெரிய நடிப்பு? கிளிசரின் போட்டா யாரும் அழுவாங்க. வசனத்தையும் பக்கத்துல நின்னு எடுத்துக் குடுத்துருவாங்க" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் சொன்னதை மனசு ஒப்பவும் இல்லை. நாடகம், சினிமா எல்லாம் பற்றி எழுதுகிறீர்கள். சீரியலில் நடித்த பெண்களைப் பற்றி மட்டும் ஏன் யாரும் எழுதுவதில்லை? அவர்கள் செய்தது நடிப்பு இல்லையா?

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருமங்கலம்

*

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் பெயர்களைச் சொல்லிவிடுகிறேன். தனமாக நடித்தவர் காவேரி. 1990-ல் பிரசாந்த் அறிமுகமான 'வைகாசி பொறந்தாச்சு' படத்தின் கதாநாயகி அவர்தான். தங்கச்சிகளில் சரோஜா, காயத்ரி சாஸ்திரி. லீலா, வனஜா. விஜி, உமா மகேஸ்வரி. கடைக்குட்டி பவானி, ரேவதி பிரியா. வனஜாவும் உமாவும் நிஜ வாழ்க்கையிலும் உடன்பிறந்தவர்கள். 2021 அக்டோபரில் உமா போனபோது அவருக்கு நாற்பது வயதுதான். அம்மா 'விஜி' என்று அழுததில் ஒரு குறையும் இல்லை. அந்தப் பெண் அம்மாவுக்கு விஜியாகத்தானே அறிமுகம். அந்த அழுகையில் அவருடைய சொந்தப் பெயரும் சேர வேண்டும் என்பதற்காக இங்கே எழுதி வைக்கிறேன்.

தனத்தைப் பற்றி அம்மா சொன்னது மிகச் சரியான பார்வை. அதை நான் கொஞ்சம் விரித்துச் சொன்னால் உங்கள் வீட்டுக்காரருக்கும் பதில் கிடைத்துவிடும்.

'மெட்டி ஒலி' 2002-லிருந்து 2005 வரை, 800 எபிசோடுகளைத் தாண்டி ஓடியது. தாயில்லாத வீடு. டெல்லி குமார் நடித்த சிதம்பரம் என்கிற அப்பா, ஐந்து பெண்கள். மூத்தவள் கல்யாணமாகிப் போனாலும் பிறந்த வீட்டுக்கு அவள்தான் அம்மா. தங்கச்சிகளில் யாராவது ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்பாள், நடந்ததைச் சொல்வாள். அழுகிறவளுக்கு வசனம் இருக்கிறது, கண்ணீர் இருக்கிறது, பின்னணி இசை இருக்கிறது. கேட்கிறவளுக்கு ஒன்றும் கிடையாது. அவள் வாயைத் திறந்தால் சண்டை வரும், திறக்காவிட்டால் தங்கச்சி தனியாகிவிடுவாள். அப்பாவிடம் சொல்லலாமா, மறைக்கலாமா, தன் புருஷன் வீட்டில் என்ன நினைப்பார்கள் என்பதெல்லாம் ஒரு வார்த்தை இல்லாமல் முகத்தில் ஓட வேண்டும். காவேரி அந்த இடங்களில் எதையும் கூட்டிச் செய்ய மாட்டார். கண்ணைக்கூட அதிகம் விரிக்க மாட்டார். நம் வீடுகளில் மூத்த அக்காக்கள் கெட்ட செய்தியைக் கேட்டதும் முதலில் சுற்றிமுற்றி யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பார்களே, அந்தப் பார்வை அவரிடம் இருந்தது. அதனால்தான் அந்த வீடு நம்பும்படி இருந்தது. சரோஜாவின் கண்ணீருக்கு எடை வந்ததே தனம் அதைக் கேட்ட விதத்தில்தான்.

சீரியல் நடிப்பில் பெரும்பகுதி இந்தக் கேட்பதுதான். சினிமாவில் ஒருவர் பேசி முடித்ததும் காட்சி நகர்ந்துவிடும். சீரியலில் ஒருத்தி ஒரு சொல் சொன்னால் கேமரா சுற்றியிருக்கிற எல்லா முகத்துக்கும் போய்விட்டு வரும். அந்த ரியாக்‌ஷன் ஷாட்டுகளை எடுக்கும்போது பல சமயம் வசனம் பேசியவர் எதிரில் இருப்பதே இல்லை. தன் பகுதியை முடித்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போயிருப்பார். அசிஸ்டென்ட் டைரக்டர் கையை நீட்டிக் காட்டுகிற வெற்றிடத்தைப் பார்த்து, அங்கே தன் தங்கை அழுதுகொண்டு நிற்கிறாள் என்று நம்பி, முகம் மாற வேண்டும். அதே நாளில் அதே புடவையில் இன்னும் சில காட்சிகள் பாக்கி இருக்கும். அடுத்த மாதம் கதை எங்கே போகும் என்றும் அவருக்குத் தெரியாது. கதையின் முடிவு தெரியாமல் ஒரு பாத்திரத்தை வருடக்கணக்கில் ஒரே ஆளாகக் காப்பாற்றுவது எவ்வளவு கஷ்டம்! மேடையிலோ சினிமாவிலோ பெரிய பெயர் வாங்கியவர்களில் எத்தனை பேரிடம் இந்த வேலையைக் கேட்டிருக்கிறார்கள்?

கிளிசரின் கண்ணில் தண்ணீரைத்தான் வரவைக்கும். எப்போது அழாமல் இருக்க வேண்டும் என்பதை அது சொல்லித் தராது.

வசனத்தை எடுத்துக் கொடுக்கிறார்கள் என்பது உண்மைதான். பிராம்ப்டிங் எல்லா செட்டிலும் உண்டு. இரவில் எழுதிய பக்கம் காலையில் கைக்கு வந்தால் வேறு வழி கிடையாது. ஆனால் 'மெட்டி ஒலி' எடுத்த அதே திருமுருகன் காரைக்குடியில் வைத்து எடுத்த 'நாதஸ்வரம்' தொடரை வீட்டுக்காரருக்கு ஞாபகப்படுத்துங்கள். 2014 மார்ச்சில் அதன் 1000-ஆவது எபிசோடை ஒரே ஷாட்டில், வெட்டாமல், நேரலையாக நடித்துக் காட்டினார்கள். மொத்தக் குடும்பமும் கேமராவுக்கு முன்னால். வாய் தவறினால் தமிழ்நாடே பார்க்கும். இருபது நிமிடத்துக்கு மேல் ஓடிய அந்த ஷாட்டில் யாரும் தடுமாறவில்லை. அதுவரை ஆயிரம் நாள் அந்தப் பாத்திரங்களாகவே பேசிப் பழகியவர்கள் அவர்கள்.

பெயர் தெரியாமல் போன விஷயத்துக்கு வருகிறேன். நம் மதுரைப் பக்கம் இது நடந்திருக்கவே கூடாது என்று நினைக்கிறேன். ஊர்த் திருவிழாக்களில் விடியவிடிய நடக்கிற ஸ்பெஷல் நாடகத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்து வளர்ந்த மண் இது. பங்குனி, சித்திரையில் கோயில் பொங்கலுக்கு 'வள்ளி திருமணம்' வைத்தால் முதலில் நோட்டீஸ்தான் வரும். ராஜபார்ட் (கதாநாயகன்), ஸ்திரீபார்ட் (கதாநாயகி), பபூன் (கோமாளி), டான்ஸ் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போட்டோ போட்டு, ஊர்ப் பெயரும் சேர்த்து அச்சடித்திருப்பார்கள். ஆர்மோனியம், மிருதங்கம் வாசிக்கிறவர்கள் பெயரும் விடுபடாது. யார் வள்ளி என்று பார்த்துவிட்டுத்தான் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்புவார்கள். ஒத்திகை கிடையாது. வேறு வேறு ஊரிலிருந்து வந்து மேடையில்தான் ஒருவரை ஒருவர் சந்திக்கிறார்கள். நாரதர் தர்க்கம் பண்ணும்போது வள்ளி அதை எப்படிக் கேட்கிறாள், எந்தச் சொல்லைப் பிடித்துத் திருப்புகிறாள் என்பதில்தான் அவள் கெட்டிக்காரத்தனம் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகள் விடியவிடிய உட்கார்ந்து அதை எடைபோட்டார்கள், மறுநாள் கண்மாய்க்கரையில் பெயர் சொல்லிப் பேசினார்கள். கே.பி. சுந்தராம்பாள் பெயர் சினிமாவுக்கு முன்பே ஊர் ஊராகத் தெரிந்திருந்ததென்றால் அந்த மேடையால்தான்.

அந்தக் கிழவிகளின் பேத்திகள் நாம். நமக்குப் பெயர் தெரியாமல் போனதற்குக் காரணம் நம் மறதி இல்லை. டைட்டிலில் பெயர்கள் ஓடுகிற வேகத்தில் யாராலும் படிக்க முடியாது. அந்த நேரத்தில் நாம் அடுப்பை அணைத்துவிட்டு வந்துகொண்டிருப்போம். உள்ளே வந்ததும் தனம், சரோஜா, விஜி. விளைவு என்ன ஆனதென்றால், நாடகக்காரர்களுக்கு ஊர்ப் பெயர் முன்னால் ஒட்டிக்கொண்டதுபோல இவர்களுக்குத் தொடரின் பெயர் ஒட்டிக்கொண்டது. 'மெட்டி ஒலி' உமா. 'மெட்டி ஒலி' சாந்தி. டைட்டில் பாட்டுக்கு ஆடிய அந்த சாந்தி ஒரு நடன இயக்குநர். 2022-ல் பிக் பாஸ் வீட்டுக்குப் போனபோதும், பாட்டு வந்து இருபது வருடம் ஆன பிறகும், அந்த அடைமொழியோடுதான் போனார். அதில் பெருமையும் இருக்கிறது. ஆனால் காவேரிக்கும் ரேவதி பிரியாவுக்கும் அதுகூட நிலைக்கவில்லை.

ராஜத்தை உங்கள் அத்தை மறக்கவில்லை என்பது சந்தோஷமாக இருக்கிறது. ராஜமாக நடித்த சாந்தி வில்லியம்ஸ் சிறு வயதிலேயே நடிக்க வந்தவர், மலையாள சினிமாவிலும் நடித்தவர். மாமியார் வேடம் என்றால் புருவத்தை உயர்த்தி, உதட்டைச் சுழித்து, பக்கவாட்டில் பார்க்கிற வழக்கம் பின்னால் வந்த தொடர்களில் எக்கச்சக்கம். ராஜம் அப்படி இல்லை. தான் செய்வது நூற்றுக்கு நூறு நியாயம் என்று நம்புகிற அம்மா அவள். அவளுக்கு மகன்தான் சொத்து, மருமகள் அதில் பங்கு கேட்டு வந்தவள். உசிலம்பட்டியிலும் சோழவந்தானிலும் இப்படிப்பட்ட மாமியாரைப் பார்க்காதவர் யார்? ஊரே ஒரு நடிகையை வெறுக்கிற அளவுக்கு அந்த நம்பிக்கையைக் குரலில் கொண்டுவந்தார் அவர். சேத்தன் நடித்த மாணிக்கம் தாய் சொல்லைத் தட்டாத மகனாக அவ்வளவு நம்பும்படி இருந்ததற்கும் எதிரே நின்ற இந்த அம்மாதான் காரணம்.

நடிகைகளைப் பாராட்டுவதற்காகக் கதைகளையும் சேர்த்துப் பாராட்ட வேண்டும் என்பதில்லை. ஒரு பெண்ணை அடித்து, பட்டினி போட்டு, வீட்டை விட்டுத் துரத்தி, மறுபடி அதே வீட்டுக்கே அனுப்பி வைக்கிற கதையை மாதக்கணக்கில் இழுப்பது எனக்கு எப்போதும் ஒப்பாதது. 'பொறுத்துப் போம்மா' என்று எத்தனையோ வீடுகளில் பெண்களுக்குச் சொல்வதற்கு அந்தக் கதைகள் துணை நின்றிருக்கின்றன. அப்படி எழுதப்பட்ட காட்சிக்குள்ளும் காயத்ரி சாஸ்திரி சரோஜாவை வெறும் அடிவாங்கும் பெண்ணாக விட்டுவிடவில்லை. கள்ளமில்லாத, கொஞ்சம் வெகுளியான, யாரையும் கெட்டவர் என்று நினைக்கத் தெரியாத ஒரு பெண்ணை உருவாக்கினார். எழுதியவர்கள் கொடுக்காத மரியாதையை நடித்தவர் அந்தப் பாத்திரத்துக்குக் கொடுத்தார். என்னைக் கேட்டால் அந்தத் தொடரின் பெரிய சாதனை அதுதான்.

குரலைப் பற்றியும் ஒரு சொல். மல்லிகை கட்டுகிற வீடுகளில் கண் நாரிலும் பூவிலும்தான் இருக்கும். சீரியலைப் பாதி காதால்தான் பார்ப்பார்கள். அந்தக் குரல் பல நேரம் திரையில் தெரிகிற பெண்ணுடையதாக இருக்காது. பெங்களூரிலிருந்தோ கேரளாவிலிருந்தோ வந்த நடிகைக்கு டப்பிங் தியேட்டரில் வேறொருவர் பேசியிருப்பார். 'கோலங்கள்' தொடரில் உஷாவாக வந்த தீபா வெங்கட் இரண்டு பக்கமும் நின்றவர். நயன்தாராவின் பல படங்களில் நாம் கேட்டது அவர் குரல்தான். அவரளவுக்குக்கூடப் பெயர் தெரியாத டப்பிங் பெண்கள் எவ்வளவோ பேர்.

எல்லோரையும்விட எனக்கு நெஞ்சை அடைக்கிறவர்கள் வேறொரு கூட்டம். காட்சி ஓடிக்கொண்டிருக்கும். கதவைத் திறந்துகொண்டு புதிதாக ஒரு பெண் வருவார். கீழே எழுத்து ஓடும்: 'இவருக்குப் பதில் இவர்.' அவ்வளவுதான் அவருக்குக் கிடைக்கிற அறிமுகம். அந்த நிமிடத்திலிருந்து அவர் நேற்று வரை இன்னொருத்தி வளர்த்த குழந்தைக்கு அம்மா, இன்னொருத்தி காதலித்த ஆளுக்கு மனைவி. வீட்டில் பார்க்கிற நாம் "பழையவ மாதிரி இல்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவோம். 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' தொடரின் முல்லையை நினைத்துப் பாருங்கள். குன்றக்குடியில் நடக்கிற கதை. 2020 டிசம்பரில் முல்லையாக நடித்த சித்ரா மறைந்தபோது எத்தனை வீடுகளில் துக்கம்! அந்தத் துக்கம் ஆறுவதற்குள் அதே முல்லையாக வந்து நிற்க வேண்டியிருந்தது காவ்யா அறிவுமணிக்கு. யாரும் அவரைப் பார்க்கத் தயாராக இல்லாத நேரத்தில், சித்ராவைப் போலச் செய்தாலும் குற்றம், செய்யாவிட்டாலும் குற்றம் என்ற நிலையில் தினமும் கேமரா முன்னால் போய் நின்றார். 2023-ல் 'எதிர்நீச்சல்' தொடரில் குணசேகரனாக நடித்த மாரிமுத்து மறைந்து, வேல ராமமூர்த்தி அந்த வேடத்துக்கு வந்தபோது அவருக்கென்று ஏற்கெனவே எழுத்தாளர், நடிகர் என்ற பெயர் இருந்தது. காவ்யாவுக்கு அப்படி ஒரு முன்பெயர் துணைக்கு இல்லை. அந்தப் பெண்ணின் தைரியத்தைப் பற்றி அன்று யாராவது எழுதியிருக்க வேண்டும்.

நம் பக்கத்து மனுஷி ஒருவரைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க மனமில்லை. எஸ்.என். லட்சுமி. விருதுநகர் பக்கத்துக்காரர். சின்ன வயதில் நாடகத்துக்குப் போய், அங்கிருந்து சினிமாவுக்கு வந்தவர். 'சர்வர் சுந்தரம்' படத்தில் நாகேஷின் அம்மா. நாற்பது வருடம் கழித்து 'விருமாண்டி'யில் கமல்ஹாசனின் அப்பத்தா. நடுவில் எத்தனை அம்மா, எத்தனை பாட்டி. கடைசியாக 'சரவணன் மீனாட்சி' தொடரில் பாட்டியாக வந்தார். 2012 பிப்ரவரியில் எண்பதைத் தாண்டிய வயதில் மறைந்தார். வேறு வேலை செய்கிறவர்கள் ஓய்வெடுத்து இருபது வருடம் ஆகியிருக்கும் வயது அது. சீரியல் மட்டும் பார்க்கிற பிள்ளைகளுக்கு அவர் பெயர் தெரியாத ஒரு பாட்டி. மேடை, சினிமா, சின்னத்திரை மூன்றையும் தன் உடம்பால் கடந்து வந்த இந்தத் தெற்கத்திப் பெண்ணுக்கு ஒழுங்கான ஒரு வாழ்க்கை வரலாறு வர வேண்டும்.

ஏன் யாரும் எழுதுவதில்லை என்று கேட்டீர்கள். முழுசாகப் பார்த்துவிட்டு எழுதுவதுதான் விமர்சகர்களின் பழக்கம். 'கோலங்கள்' 1500 எபிசோடுகளைத் தாண்டியது. அதை முழுசாகப் பார்த்தவர்கள் வீட்டுப் பெண்கள் மட்டும்தான், அவர்களிடம் பேனாவை யாரும் கொடுக்கவில்லை. சாயங்கால வேலையோடு வேலையாகப் பெண்கள் பார்க்கிற ஒன்றில் கலை இருக்க முடியாது என்ற எண்ணமும் படித்தவர்களிடம் ஊறிப்போயிருக்கிறது. அதை நான் கோபத்தோடுதான் சொல்கிறேன். அரசாங்கமும் அவசரப்படவில்லை. 2009 முதல் 2013 வரையிலான சின்னத்திரை விருதுகளை 2022 செப்டம்பரில்தான் மேடையேற்றிக் கொடுத்தார்கள். விருதுக்குரிய வேலையைச் செய்து பத்து வருடம் கழித்துக் கூப்பிட்டால், கூப்பிடும்போது அந்த நடிகை என்ன நிலையில் இருப்பார்?

ஆகவே உங்களிடம் ஒரு வேலை சொல்கிறேன். அம்மாவையும் அத்தையையும் மதினியையும் ஒரு நாள் உட்கார வைத்துப் பேச விடுங்கள். போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். கதையைக் கேட்காதீர்கள், அதை அவர்கள் தானாகவே சொல்வார்கள். தனம் எப்படி நிற்பாள், சரோஜா அப்பாவைக் கூப்பிடுகிற குரல் எப்படி இருக்கும், ராஜம் எந்த இடத்தில் பேச்சை நிறுத்துவாள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்கிற சொல்லை மாற்றாமல், திருமங்கலம் பேச்சிலேயே எழுதி அனுப்புங்கள். என் தளத்தில் அப்படியே வெளியிடுகிறேன். லீலாவையும் பவானியையும் பற்றி நான் பெயருக்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அந்த இரண்டு பேரைப் பற்றியும் கட்டாயம் கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா
மதுரை